உரத்துக்குப் போட்ட நாற்காலி

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. சுவரில் சாயாதீர்கள், ஈரம் இழுக்கும். இந்தப் பாயில் எல்லோருக்கும் இடம் உண்டு; குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டால் இன்னும் சிலர் உட்காரலாம். ஜன்னலை மட்டும் யாரும் சாத்த வேண்டாம். குளிரடித்தால் போர்வையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏன் சாத்தக் கூடாது என்பது கதை முடியும்போது தெரியும். துணி வெளுத்துப் பிழைத்த ஒருத்தி உரமாகிப் போன கதை இது. சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். சிரிக்கிற இடங்கள் நிறைய இருக்கின்றன. கதைக்குள் இருந்தவர்கள்தான் யாரும் சிரிக்கவில்லை.

ஒரு கடலோரத் தெருவின் கடைசியில் அவள் கடை இருந்தது. முன்பக்கம் சலவைக்கடை, பின்பக்கம் வீடு. வீட்டின் கடைசி அறையில் கடலைப் பார்த்த ஜன்னல். ஜன்னலை ஒட்டிக் கட்டில். கட்டிலில் அவள் புருஷன். ஒரு காலத்தில் விசைப்படகு மெக்கானிக்காக இருந்தவர். இஞ்சினைத் தூக்கும்போது சங்கிலி அறுந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே போய்விட்டது. வாய் மட்டும் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் கடலில் பாசி வந்தது. முதலில் தூரத்தில் பழுப்பாக ஒரு கோடு. யாரோ கடலுக்கு அடிக்கோடு போட்ட மாதிரி. கோடு பட்டையாயிற்று, பட்டை கம்பளமாயிற்று. கம்பளம் கரைக்கு வந்து, அலை அலையாக மடிந்து, ஆள் உயரத்துக்குக் குவிந்தது. அடியில் இருந்தது அழுகியது. மேலே இருந்தது வெயிலில் வெந்தது. அழுகிய முட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடப்பது போல ஒரு நாற்றம் தெருவுக்குள் குடிவந்தது.

கொடியில் காயப்போட்ட வெள்ளை விரிப்புகள் மஞ்சளாயின. அவள் விரலில் கிடந்த வெள்ளி மோதிரம் கறுத்தது.

"ஏம்மா, கடலுக்கு வயித்துல ஏதோ சரியில்ல போலிருக்கு," என்றார் புருஷன், இருமலுக்கு நடுவில். "யாராவது கூட்டிட்டுப் போய் காட்டுங்களேன்."

கடலைக் காட்ட முடியாததால் அவரைக் காட்டினாள். கிளினிக் டாக்டரம்மா வீட்டுக்கே வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தாள். வெளியே வந்ததும் அவளைத் தனியாக நிறுத்திச் சொன்னாள்.

"இங்க பாரும்மா. அந்தப் பாசியிலிருந்து வர்றது விஷக்காத்து. நாறுதுன்னு அவர் திட்டிட்டிருக்கிற வரைக்கும் அவ்வளவா பயமில்ல. நாத்தமே இல்லைன்னு என்னிக்குச் சொல்றாரோ, அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள தூக்கிட்டு மேட்டுப் பக்கம் போயிடு. மூக்கு மரத்துப் போச்சுன்னு அர்த்தம். அப்புறம் ஆள்."

"அவ்வளவு நாள் ஆகாதுங்க டாக்டரம்மா. நான் அந்தக் குவியலை அள்ளிப் போட்டுடறேன்."

அப்படித்தான் நினைத்தாள், பாவம். மண்வெட்டியும் கூடையுமாக இறங்கினாள். ஜன்னலுக்கு நேர்கீழே இருந்த குவியலில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். 'சான்றுப் பொருள். காரணம் தெரியும்வரை தொடக் கூடாது. கரையோரக் காரணங்கள் ஆணையம்.'

பக்கத்து வீட்டுத் தபால்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. மடியில் எப்போதும் ஒரு சின்ன ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்.

"நான் முப்பது வருஷம் தபால் குடுத்தேன்," என்றார். "ஆளில்லாத வீட்டுக்கு வந்த பார்சலைத் திருப்பி அனுப்பிடுவோம். இது யார் அனுப்பினதுன்னே தெரியலையே தங்கச்சி, எங்க திருப்பறது?"

"ஆணையத்துல கேக்கலாமாண்ணே?"

"நீதானே அவங்க மேஜைத் துணியெல்லாம் வெளுக்கறே? துணி குடுக்கப் போறப்போ ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. வாயைத் தொறந்து கேட்டா மனுஷங்க செய்யமாட்டாங்களா?"

அவர் நல்ல மனுஷர். அதனால் அப்படி நினைத்தார்.

ஆணையத்தின் கட்டடம் மேட்டில் இருந்தது. கடலைப் பார்த்த பக்கம் ஜன்னலே கிடையாது. விசாரணை முடியுமுன் கடலைப் பார்த்தால் ஒருதலைப்பட்சம் வந்துவிடும் என்று கட்டும்போதே ஜன்னல் வைக்காமல் விட்டுவிட்டார்கள். அவர்களுடைய வேலை ஒன்றே ஒன்று: கடலில் பாசி பெருகியதற்கான காரணத்தை விசாரிப்பது. வாரம் தவறாமல் விசாரித்தார்கள். கூடத்தில் ஒரு நீளமேஜை, அதன்மேல் அவள் வெளுத்த விரிப்பு. மேஜைக்கு அந்தப் பக்கம் உறுப்பினர்கள். இந்தப் பக்கம் வரிசையாகக் காலி நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு பெயர் அட்டை, எழுத்து உறுப்பினர்கள் பக்கம் பார்த்து. சாக்கடை, கடல்சூடு, வெட்டிய காடு, ஆறு, உரம் என்று. அவரவர் வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்து பதில் சொல்வதற்காக.

ஏன் சிரிக்கிறாய், குட்டி? இரு, இன்னும் இருக்கிறது.

நாற்காலிகளை எல்லாம் ஓர் உரக் கம்பெனி அன்பளிப்பாகக் கொடுத்திருந்தது. அதனால் உரத்தின் நாற்காலிக்கு மட்டும் மெத்தை தடிப்பு.

அவள் துவைத்த துணி மூட்டையோடு பின்வாசல் வழியாக உள்ளே வந்தபோது தலைவர் பேசிக்கொண்டிருந்தார். நல்ல கனமான குரல். அவள் சுவரோரமாக நின்றாள். பேச்சு முடிந்ததும் கேட்கலாம் என்று நின்றாள். பேச்சு முடிகிற மாதிரி போய் முடியாமல் திரும்பி வந்தது.

"காரணத்தைக் கண்டுபிடிக்கிறது ஒரு பெரிய விஷயமா? நம்ம நிபுணர் முதல் வாரமே கண்டுபிடிச்சுட்டார். மேல வயல்ல அளவுக்கு மீறிக் கொட்டற உரம் மழையில கரைஞ்சு ஆத்துல இறங்குது. ஊர்ச் சாக்கடை அப்படியே கடல்ல விழுது. கடல்தண்ணி சூடாயிருக்கு. ஆத்தோரத்துல தடுத்து நிறுத்திட்டிருந்த காட்டை வெட்டிட்டோம். பாசியைத் தின்ன மீனையெல்லாம் நாம தின்னுட்டோம். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனா தெரிஞ்சா போதுமா? நாம நாகரிகமான ஆணையம். ஒருத்தர் இல்லாத நேரத்துல அவரைப் பத்திக் குத்தம் பேசறது நம்ம பழக்கமில்ல. அவங்க வரணும். வந்து, உக்காந்து, தன் வாயால சொல்லணும். அதுவரைக்கும் நாம பொறுமையா கூப்பிட்டுட்டே இருப்போம். பொறுமைதான் இந்த ஆணையத்தோட சாதனை."

கை தட்டினார்கள். மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நீர் நிபுணர் மட்டும் தன் முன்னால் இருந்த கண்ணாடிப் புட்டிகளின் மூடிகளைத் திருகிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இறுகியிருந்த மூடிகள்தான்.

பிறகு சேவகர் வாசலுக்குப் போய் வெளியே பார்த்துக் கூப்பிடத் தொடங்கினார்.

"சாக்கடை! சாக்கடை! சாக்கடை!"

"வரவில்லை," என்று எழுதிக்கொண்டார்கள்.

"கடல்சூடு! கடல்சூடு! கடல்சூடு!"

வரவில்லை. தலைவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொன்னார்.

வெட்டிய காட்டைக் கூப்பிட்டார்கள். அது எப்படி வரும்? அதையும் எழுதிக்கொண்டார்கள். அவளுக்குக் கால் கடுத்தது. காலையிலிருந்து துவைத்த கால், மூட்டையோடு மேடேறிய கால். இத்தனை நாற்காலிகள் சும்மாதானே கிடக்கின்றன என்று நினைத்தாள். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு மெத்தை தடிப்பாக இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"உரம்! உரம்! உரம்!" என்று சேவகர் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

கூடமே தன்னைப் பார்ப்பதைக் கண்டு அவள் பதறிப்போனாள். "இருக்கேங்க... இதோ எந்திரிச்சுக்கறேன்," என்றாள்.

பேனா ஒன்று உருண்டு கீழே விழுந்தது. தலைவர் மெல்ல எழுந்து நின்றார். அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்க," என்றார் தலைவர். "தயவு செஞ்சு உக்காருங்க. எத்தனை வாரமா கூப்பிடறோம்!"

சேவகர் தலைவரின் காதருகே குனிந்தார். "ஐயா, இது நம்ம சலவைக்காரம்மாங்க."

"வந்தவங்களை வாசல்லயே அவமதிக்காதே. நாற்காலி யாருதோ, உக்கார்ந்தவங்க அவங்கதான். வேற எப்படி அடையாளம் தெரிஞ்சுக்கறது?"

சேவகர் நிமிர்ந்தார். போய் டீ எடுத்துவந்தார். அவளுக்குத்தான் முதல் கோப்பை.

விசாரணை நடந்தது. அவள் எதற்கும் பொய் சொல்லவில்லை, கண்ணுகளா. அதுதான் கொடுமை.

"மழை வந்தா நீங்க இருக்கிற இடத்துல இருக்கறதில்லையாமே?"

"எப்படிங்க இருக்கறது? மழை வந்தா ஓடித்தான் ஆகணும். கொடியில துணி கிடக்குமே."

'மழையில் ஓடுவதை உரம் ஒப்புக்கொண்டது' என்று எழுதிக்கொண்டார்கள்.

"எங்க போய்ச் சேர்றீங்க?"

"கடலோரத்துக்குத்தாங்க. வேற எங்க போவேன்? வீடு அங்கதானே."

"நீங்க இருக்கிற இடத்துல பாசி அதிகமா இருக்கறது உண்மையா?"

"ஐயோ, அதைச் சொல்லத்தாங்க வந்தேன்! ஜன்னல் வரைக்கும் ஏறிடுச்சு. வீட்டுக்காரரால மூச்சு விட முடியல. அதை அள்ளிக்க மட்டும் விட்டீங்கன்னா போதும், நானே அள்ளிடுவேன்."

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மனசாட்சி உள்ள உரம்," என்றார் ஒருவர்.

பார்வையாளர் வரிசையில் இருந்து ஒரு கண்ணியமான மனிதர் எழுந்தார். உரக் கம்பெனியின் பிரதிநிதி. "எங்க சார்பா இவ்வளவு பொறுப்பா ஒரு அம்மா வந்து பதில் சொன்னது எங்களுக்கே கண் கலங்குது. கம்பெனி இந்த முடிவை முழுமனசோட ஏத்துக்குது. எந்த மேல்முறையீடும் இல்ல," என்றார். உட்கார்ந்து கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்கு லேசாக விளங்கியது. எழுந்து எட்டிப் பார்த்து அட்டையைப் படித்தாள்.

"ஐயா, நான் உரமில்லீங்க! சலவைக்கடை!"

"தான்தான் காரணம்னு முதல் தடவை யாரும் ஒத்துக்கமாட்டாங்க," என்றார் தலைவர், ரொம்பப் பரிவாக. "அதுக்காக நாங்க உங்களைக் குறைவா நினைக்கமாட்டோம்."

அவள் நிபுணரைப் பார்த்தாள். நிபுணர் புட்டியைப் பார்த்தார்.

வாதாடி என்ன செய்வது? வீட்டில் அந்த நேரம் புருஷன் இருமிக்கொண்டிருப்பார். அவளுக்கு வேண்டியது அந்தக் குவியல் போவது ஒன்றுதான். "சரிங்க. நான் உரமாவே இருந்துட்டுப் போறேன். காரணம் கிடைச்சாச்சில்ல? இனி பாசியை அள்ளலாமில்ல?"

"அங்கதான் ஒரு சிக்கல். காரணம் கிடைக்கற வரைக்கும் அது சான்று. கிடைச்ச பிறகு அது விளைவு. நாங்க காரணங்கள் ஆணையம். விளைவுகளுக்குத் தனியா ஒண்ணு வரப்போகுது. வர்ற வரைக்கும் பாசிக்குச் சொந்தக்காரங்க இல்ல. சொந்தக்காரங்க இல்லாததைத் தொட்டா திருட்டு."

"ஐயா, உங்க கால்ல விழறேன். நான் இனிமே கடல் பக்கமே வரல. நிறுத்திக்கறேன். எல்லாத்தையும் நிறுத்திக்கறேன். அதை மட்டும் அள்ளிடுங்க."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கேட்டீங்களா? கடலுக்கு வரமாட்டேன்னு உரம் தானா வாக்குக் குடுத்திருக்கு! நிபுணரே, உங்க பரிந்துரை என்ன?"

நிபுணர் தொண்டையைச் செருமினார். "வயலுக்கும் தண்ணிக்கும் நடுவுல தடுப்பு நிலம் விடணும்னு எழுதியிருந்தேன். உரம் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு." ஒரு புட்டியின் மூடியைத் திருகினார். "பன்னிரண்டு தடவை எழுதியிருக்கேன்."

"இன்னிக்கு ஏத்துக்கறோம். ஒரு வார்த்தை மாத்தாம ஏத்துக்கறோம்."

"என் வீடு கடலோரத்துலதாங்க இருக்கு!" என்றாள் அவள்.

"அதானே இத்தனை நாளா பிரச்சினை," என்றார் தலைவர்.

வெளியே வந்தபோது துணிமூட்டை இன்னும் அவள் கையிலேயே இருந்தது. சேவகர் வாங்கிக்கொண்டார். "இனிமே துணி குடுக்க வந்தா பின்வாசல்ல வா," என்றார் தணிந்த குரலில். "உரமா வந்தா முன்வாசல். குழப்பிக்காதே தாயி."

அன்றைக்கே அவளை ஆற்றோரமாக மேலே கூட்டிப் போனார்கள். வயல்களுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை. உர மூட்டைகளை அடுக்கி வைக்கிற கொட்டகை. உரம் உரத்தோடு இருப்பதுதான் முறை என்று ஒரு மூலையைக் கூட்டித் தந்தார்கள். மூட்டைகளின் காட்டம் கண்ணைக் கரித்தது. கொஞ்ச நாளில் அவள் புடவையில் ஏறியது, தலைமுடியில் ஏறியது. சோற்றைப் பிசைந்தாலும் அதே வாடை. தண்ணீர் ஊற்றிக் குளித்துப் பார்த்தாள். துணி வெளுப்பவளுக்குப் போகாத கறை அதுதான்.

கொட்டகைக்குக் கீழே சாலையின் குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு. கயிற்றுக்கு ஒரு காவலாளி. உரமூட்டை ஏற்றிய லாரி வந்தால் கயிற்றைத் தாழ்த்தி வழி விடுவான். மறுபக்கம் போன லாரிகள் ஆற்றங்கரை வயல்களில் மூட்டை மூட்டையாகக் கொட்டுவதைக் கொட்டகையிலிருந்தே பார்க்கலாம்.

"தம்பி, அதெல்லாம் போகுதே. நான் மட்டும் போகக் கூடாதா?"

"அது சரக்குக்கா. உரம் நீங்கதான். எனக்கு அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

அவன் கெட்டவன் இல்லை. தன் சாப்பாட்டில் பாதியை அவளுக்குக் கொடுப்பான். கயிற்றைத் தாண்டாமல் எட்டிக் கொடுப்பான்.

புருஷனைத் தபால்காரர் பார்த்துக்கொண்டார். வேளைக்குக் கஞ்சி ஊற்றினார், திருப்பிப் படுக்க வைத்தார். தினமும் சாயங்காலம் தன் போனை அவர் காதில் வைப்பார். அவளும் போனைக் காதில் வைத்துக்கொண்டு கயிற்றருகே நிற்பாள்.

"நாறுதாங்க?"

"நாறாம? உள்ளே எதுவோ செத்துக் கிடக்கிற மாதிரி நாறுது. உன் அண்ணன் வைக்கிற கஞ்சி அதைவிட மோசம்."

அந்த ஒரு பதிலில் அவளுக்கு அன்றைய பொழுது கழியும். நாறுகிறது என்றால் நல்ல செய்தி. நாறட்டும், நல்லா நாறட்டும் என்று சொல்லிக்கொண்டே போய் மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வாள். போகப் போக அவளுக்கு அழுகைகூட வரவில்லை. துவைத்துத் துவைத்து நைந்த துணி எப்படி இருக்கும்? சாயமும் இருக்காது, முரடும் இருக்காது. அப்படி இருந்தாள்.

கீழே தெருவில் ஆணையம் ஒரு வேலை செய்தது. உரத்தை அப்புறப்படுத்தியதன் பலனைத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? வீடு வீடாகப் போனார்கள். பாசி இருக்கிறதா என்று கேட்கவில்லை. பாசி விளைவு, அது இன்னொரு ஆணையத்தின் கேள்வி. "நாத்தம் அடிக்குதா?" என்று மட்டும் கேட்டார்கள்.

"கொஞ்ச நாளா குறைஞ்ச மாதிரி இருக்குங்க," என்றார்கள் தெருக்காரர்கள்.

"எனக்குச் சுத்தமா இல்லப்பா. பூந்தோட்டம் மாதிரி இருக்கு," என்றார் தபால்காரர். சந்தோஷமாகச் சொன்னார். ரேடியோவை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

தலைவர் தெருமுனையில் கூட்டம் போட்டார். வாசனைத் தைலம் தோய்த்த கைக்குட்டையை மூக்கில் அழுத்தியபடியே பேசினார். "ஒரு பாசியைக்கூட தொடாம நாத்தத்தை ஒழிச்ச முதல் ஆணையம் நாமதான். நீங்களே சாட்சி. உங்க மூக்கே சாட்சி!" அவருக்குப் பின்னால் பாசிக் குவியல் கூரை உயரத்துக்கு நின்றது. தெருக்காரர்கள் கை தட்டினார்கள். இருமிக்கொண்டே தட்டினார்கள்.

ஒரு சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் கயிற்றருகே நின்று போனைக் காதில் வைத்தாள். எடுக்க நேரமாயிற்று. தபால்காரரின் மூச்சு முதலில் கேட்டது, பிறகு புருஷனின் குரல்.

"நாறுதாங்க?"

"எது?"

"நாத்தங்க. பாசி நாத்தம்."

"இல்லையேம்மா." ரொம்ப சாதுவான குரல். அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. "காலையிலிருந்தே இல்ல. காத்து சுத்தமாயிடுச்சு. விரிப்பெல்லாம் எடுத்துக் காயப்போடு. நல்ல வெயிலு."

வெளியே வெயில் இல்லை. முதல் தூறல் விழத் தொடங்கியிருந்தது.

"தம்பி, என்னை விடு," என்றாள் காவலாளியிடம். "ஒரே ஒரு தடவை. அவரைத் தூக்கிட்டு வந்துடறேன்."

"அக்கா, உங்களைப் பார்த்தும் போக விட்டேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்க்கா." அவன் கண்ணில் நீர் இருந்தது. "பார்க்காம எப்படி விடறது சொல்லுங்க."

மழை அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தது. கயிறு தெரியவில்லை, சாலை தெரியவில்லை. காவலாளி அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் ஓடி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

வயல்களிலிருந்து தண்ணீர் வடிந்து வாய்க்காலில் இறங்கியது. அன்று காலைதான் கொட்டியிருந்த வெள்ளை உரக் குருணை அதோடு சேர்ந்து உருண்டு வந்தது. அவளும் வாய்க்காலில் இறங்கினாள். தண்ணீர் எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கம் போனாள். கயிற்றுக்கு அடியில் போனது வாய்க்கால். அதை யாரும் எப்போதும் தடுத்ததில்லை. முழங்கால் வரை நுரைத்த தண்ணீரில், குருணை காலில் உரச, வழுக்கி விழுந்து எழுந்து, மேலிருந்து வருகிற எல்லாம் போய்ச்சேருகிற இடத்துக்கு அவளும் போய்ச் சேர்ந்தாள்.

தெருவில் ஆள் இல்லை. தபால்காரர் தன் வாசலுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன் காலடியில் கிடந்தது. மடியில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"அண்ணே!"

ரேடியோதான் பாடியது.

அவள் நின்றாள். பிறகு உள்ளே போனாள், தன் வீட்டுக்குள். மழையில் குவியல் கலைந்து ஜன்னல் வழியாக ஒரு மடிப்பு உள்ளே சரிந்து கட்டிலின் கால்மாட்டில் கிடந்தது. புருஷன் கண் மூடியிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. விரலை மூக்கருகே வைத்தாள். இருந்தது. நூல் மாதிரி இருந்தது.

விரிப்புகள் ஏற்றிக்கொண்டு போகிற தள்ளுவண்டி கடையில் நின்றது. ஈரத்துணியை முறுக்கித் தூக்குகிற கைகள் அவளுடையவை. அவரையும் அப்படித்தான் தூக்கினாள். மேலே ஒரு விரிப்பைப் போர்த்தி மேட்டைப் பார்த்துத் தள்ளத் தொடங்கினாள். கயிறு வந்தபோது காவலாளி ஓடிவந்து, ஒரு கணம் யோசித்து, கயிற்றை உயர்த்தினான்.

"உரம் கடலுக்குப் போகக் கூடாதுன்னுதான் சொன்னாங்க," என்றான். "கடலிலிருந்து திரும்பி வர்றதைப் பத்தி ஒண்ணும் சொல்லல. இதுவரைக்கும் யாரும் வந்ததில்லையே."

வண்டியின் இன்னொரு கைப்பிடியை அவனும் பிடித்துக்கொண்டான்.

புருஷன் மூட்டைகளுக்கு நடுவில் கண் திறக்காமல் கிடந்த அந்த நாட்களில் ஆணையம் கூடியது. தபால்காரருக்காக எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். முழுத் திருப்தியோடு பதில் சொன்ன ஒரு குடிமகனை இழந்துவிட்டதாகத் தலைவர் வருந்தினார். பிறகு உரம் கோட்டைத் தாண்டிய விஷயம் எடுக்கப்பட்டது. உரம் தனியாகத் தாண்டியிருக்க முடியாது, மழையின் உதவி இருந்திருக்கிறது என்று நிபுணர் சொன்னார். அதைத்தான் அவர் எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். உடனே இன்னொரு நாற்காலி போட்டார்கள். அட்டை எழுதி வைத்தார்கள். சேவகர் வாசலுக்குப் போனார். வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. சாரலில் அவர் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்தது.

"மழை! மழை! மழை!"

கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் திரும்பினார்.

"வரவில்லை," என்று எழுதிக்கொண்டார்கள்.

கொட்டகையில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, இனி அவர் மூக்குதான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவளுக்குப் பயமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. அவர் நெஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஆறு கடலில் சேருகிற இடத்தில் பழுப்புக் கோடு இன்னும் தடித்திருந்தது. அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் நெற்றி சுருங்கியது. மூக்கு இரண்டு தடவை விடைத்தது. தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரட்டினார். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"என்ன கண்றாவி இது? இப்படி நாறுது?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"நான்தாங்க."

"குளிக்கக் கூடாதா?"

"குளிக்கறேங்க," என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை. அவர் இன்னொரு தடவை முகம் சுளிக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. பாசி என்னவாயிற்று என்று கேட்காதீர்கள். விளைவுகள் ஆணையத்துக்குக் கட்டடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். இதுவும் மேட்டில்தான்.

சரி, எழுந்திருங்கள். பாயை நான் சுருட்டிக்கொள்கிறேன். தூங்கிப்போன குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்துப் போங்கள். ஜன்னலைச் சாத்த வேண்டாம் என்றேனே, வெளியே நாறுவது உள்ளே தெரியத்தான். உங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறக்கிற ஜன்னலாக இருக்கட்டும். உங்கள் வீட்டில் ஒவ்வொருவர் மூச்சும் ஒழுங்காக ஏறி இறங்கட்டும். நாறுவது உங்கள் எல்லோருக்கும் கடைசிவரைக்கும் நாறட்டும். ஒரு நாளும் பழகிப்போக வேண்டாம்.